பனிக்காலத்தில் பவர் டில்லர்: காலையில் கிளம்ப, மாலையிலேயே கவனியுங்கள்

கேள்வி: ‘‘ஒன்றரை ஏக்கரில் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு பயிர் செய்கிறோம். பழைய பவர் டில்லர் ஒன்று டிரெய்லரோடு இருக்கிறது. விடிவதற்கு முன்பே மேல் தோட்டத்திலிருந்து கேரட் மூட்டைகளை ரோட்டுக்கு இறக்கினால்தான் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் பிக்கப் வண்டியில் ஏற்ற முடியும். டிசம்பர் பிறந்தாலே மெஷின் ஸ்டார்ட் ஆவதில்லை. என் மச்சான் டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி என்ஜினுக்கு அடியில் காட்டுகிறார். அப்போது கிளம்புகிறது. பள்ளிக்கூடம் போகும் மகன், குளிருக்குப் பயந்து ஷெட் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே ஓடவிட்டுச் சூடாக்குகிறான். ஷெட்டை ஒட்டிய அறையில்தான் அம்மா படுத்திருக்கிறார். இதெல்லாம் சரிதானா? பனிக்காலத்தில் மெஷினை எப்படிப் பராமரிப்பது?’’

- விவசாயி, நஞ்சநாடு பகுதி, நீலகிரி மாவட்டம்.

பதில்: கேள்வியின் கடைசியில் இருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். என்ஜினுக்கு அடியில் தீ காட்டுவதையும், மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடுவதையும் இன்றே நிறுத்த வேண்டும். மெஷின் பழுதானால் சரிசெய்துகொள்ளலாம். இந்த இரண்டில் ஒன்று தவறினால் சரிசெய்ய முடியாது.

மூடிய ஷெட் ஏன் ஆபத்து?

ஓடும் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. டீசல் புகையின் நெடி மூக்கில் ஏறுவதால், ‘புகை குறைந்துவிட்டது, இனி பயமில்லை’ என்று நினைப்பார்கள். நெடி குறைந்தாலும் நச்சு வாயு அறைக்குள் தங்கியிருக்கலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இந்த வாயு போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த அறிகுறிகள் தெரியவே தெரியாது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் நம் மலைப் பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன. அங்கே உயிரைப் பறித்ததும் இதே வாயுதான்.

ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவரோ, ஓட்டுக்கு அடியில் இடைவெளியோ இருந்தால் புகை அந்த வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். ஆகவே மெஷினை வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். தள்ள முடியாத இடம் என்றால், கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அதுவரை அந்த அறையில் யாரும் படுத்திருக்கக் கூடாது. நிரந்தரமான தீர்வு, மெஷின் நிறுத்தும் இடத்தைப் படுக்கை அறையிலிருந்து தள்ளி மாற்றுவதுதான். நான்கு கம்பு, இரண்டு தகரம் போட்ட திறந்த கொட்டகையே போதும்.

தீ காட்டுவதும் அப்படித்தான். பழைய மெஷினின் அடிப்பாகத்தில் கசிந்த ஆயிலும் டீசலும் படிந்திருக்கும். டீசல் குழாய் ரப்பரால் ஆனது. ஒருமுறை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் வைக்கோல், பிளாஸ்டிக் கிரேடு, டீசல் கேன் என்று பரவ அதிக நேரம் ஆகாது. காற்று இழுக்கும் வாயில் தீப்பந்தத்தைக் காட்டுவதும் இதே ரகம்தான்.

குளிரில் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

காரணம் புரிந்துவிட்டால் தீயே தேவைப்படாது. டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப்போல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்றும் சுற்றியிருக்கும் இரும்பும் ஜில்லென்று இருந்தால் அந்தச் சூடு போதாது. அதோடு, ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அழுத்துவதற்குக் கிடைக்கும் காற்றே குறைவு என்பதால் சூடும் குறைகிறது.

மூன்றாவது காரணம், ஆயில். குளிரில் என்ஜின் ஆயில் கெட்டியாகிவிடும். கிராங்க் ஹேண்டிலைச் சுற்றும்போது கை கனப்பது அதனால்தான். வேகமாகச் சுற்ற முடியாவிட்டால் அழுத்தம் சரியாகக் கிடைக்காது. நான்காவது காரணம், டீசல். அதில் இயல்பாகவே கொஞ்சம் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடினால் அந்த மெழுகு பொடிப்பொடியாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும்.

மெஷின் பழையது என்றால் பிஸ்டன் ரிங்கும் வால்வும் தேய்ந்து அழுத்தம் கசியும். வெயில் காலத்தில் இந்தக் குறை வெளியே தெரியாது. பனிக்காலம் வந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். கீழே சொல்லியிருப்பவை அனைத்தையும் செய்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஒருமுறை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் கம்ப்ரஷனையும் இன்ஜெக்டர் நாசிலையும் சோதிப்பதே நல்லது.

டீசல் வாங்கிய மாதம் முக்கியம்

இது பலருக்கும் தெரியாத விஷயம். நம் நாட்டில் டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரக்குறிப்பு, ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். மற்ற எட்டு மாதங்கள் கோடைக்காலம். டீசல் ஓட்டம் நின்று கெட்டிப்படும் வெப்பநிலை, குளிர்கால டீசலில் 3 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற மாதங்களில் விற்கும் டீசலுக்கு இது 15 டிகிரி வரை இருக்கலாம். லடாக் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளுக்கென மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் கொண்டுவந்தது. அது நம் ஊர் பங்க்குகளுக்கான சரக்கு அல்ல. நம் குளிருக்குத் தேவையும் இல்லை.

இதிலிருந்து விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். செப்டம்பரில் சமவெளி பங்க்கில் கேன் நிறைய வாங்கி வைத்த டீசலை, மார்கழிப் பனியில் ஊற்றக் கூடாது. பழைய இருப்பை அக்டோபருக்குள் தீர்த்துவிடுங்கள். நவம்பர் பிறந்ததும் புதிதாக, தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் எளிய சோதனை உண்டு. ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசலை ஊற்றி, மூடி, இரவில் வெளியே வையுங்கள். விடியற்காலையில் டீசல் மங்கலாகிப் பால்போலத் தெரிந்து, வெயில் பட்டதும் தெளிந்தால் அது மெழுகு. அடியில் தனிப் படலமாகத் தங்கியிருந்தால் அது தண்ணீர். மெழுகு என்றால் டீசலை மாற்ற வேண்டும். தண்ணீர் என்றால் டேங்கையும் ஃபில்டர் கிண்ணத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

மாலையில் செய்ய வேண்டியவை

பனிக்காலத்தில் மெஷின் வேலையில் பாதி, முந்தின நாள் மாலையிலேயே முடிந்துவிட வேண்டும். பத்து நிமிடம் போதும்.

1. டேங்கை நிரப்பி வையுங்கள். டேங்க் பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் முத்து முத்தாகப் படிந்து டீசலுக்கு அடியில் இறங்கும். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தெரிந்தால் அப்போதே வடித்துவிடுங்கள்.

2. கழுவுவதாக இருந்தால் நடுப்பகலில் கழுவுங்கள். மாலையில் கழுவினால் கிளட்ச் கேபிளுக்குள்ளும் லீவர் மூட்டுகளிலும் தண்ணீர் தங்கும். உறைபனி விழும் இரவில் அது கட்டியாகி லீவர் இறுகிக்கொள்ளும். மாலையில் சேற்றைக் கம்பால் சுரண்டித் தள்ளினால் போதும். கேபிள் முனைகளில் சில சொட்டு ஆயில் விடுங்கள்.

3. நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். காற்றும் மேகமும் இல்லாத இரவில்தான் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்தில் நிறுத்திய மெஷின்மீது வெள்ளை படிந்திருக்க, பத்தடி மேலே நிறுத்தியது ஈரத்தோடு தப்பிவிடும். மேட்டில், கூரைக்கடியில், காலை வெயில் முதலில் படும் பக்கமாக நிறுத்துங்கள்.

4. என்ஜின் ஆறிய பிறகு தார்ப்பாய் போடுங்கள். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்த்துக்கொட்டும். மின் இணைப்புகள் துருப்பிடிக்கும்.

5. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள மெஷினில் பேட்டரியைக் கவனியுங்கள். 0 டிகிரியில் பேட்டரியின் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதேநேரம், கெட்டியான ஆயிலைச் சுற்ற அதிக சக்தி வேண்டும். வரவு குறைந்து செலவு கூடும் நிலை அது. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 காட்டினால் பாதிதான், சார்ஜ் செய்துவிடுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, வெந்நீர் விட்டுத் துடைத்து, லேசாக வாசலின் தடவுங்கள்.

6. டயர் காற்றைச் சரிபாருங்கள். பவர் டில்லர் டயரில் குளிர் 10 டிகிரி கூடினால் காற்று சுமார் 1 பவுண்டு குறையும். இரண்டு பக்கச் சக்கரத்திலும் ஒரே அளவு காற்று இருப்பது முக்கியம். ஒரு பக்கம் குறைந்தால் மெஷின் அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முறை

முதலில் ஆயில் அளவு, தண்ணீர் அல்லது கூலன்ட் அளவு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள். கழுத்தில் இருக்கும் மப்ளரையும், தொங்கும் சால்வையையும் கழற்றி வையுங்கள். அல்லது சட்டைக்குள் செருகி பட்டனைப் போடுங்கள். சுற்றும் பெல்ட்டும் ரோட்டவேட்டர் கத்தியும் துணியைப் பிடித்தால், கழுத்தை விடுவிக்க நேரம் இருக்காது.

டீசல் குழாயைத் திறந்து, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்தபடி ஹேண்டிலை மெதுவாக பத்து, பதினைந்து முறை சுற்றுங்கள். இப்போது என்ஜினை ஸ்டார்ட் செய்வது நோக்கமல்ல. இரவெல்லாம் அடியில் கிடந்த ஆயில் பேரிங்குக்கும் சிலிண்டருக்கும் ஏறுவதற்காகத்தான் இது. கை லேசாவது தெரியும். அதன் பிறகு ஆக்சிலேட்டரைக் கையேட்டில் சொன்ன இடத்தில் வைத்து, வேகமாகச் சுற்றி, லீவரை விடுங்கள்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கமாக இருக்கட்டும். என்ஜின் திருப்பி அடித்தால் கட்டை விரலோ மணிக்கட்டோ போய்விடாமல் காப்பது இந்தப் பிடிதான். பிடி ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், வெதுவெதுப்பான நீர் உதவும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் மெஷின் என்றால் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரை ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். என்ஜின் உடம்பு சூடேறும். கொதிக்கும் நீர் வேண்டாம். ஜில்லென்றிருக்கும் இரும்பில் விரிசல் விடலாம். ஃபில்டரில் மெழுகு அடைத்திருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஃபில்டர்மீதும் டீசல் குழாய்மீதும் சுற்றி வையுங்கள். தீப்பந்தம் செய்யும் வேலையை இந்தத் துணி ஆபத்தில்லாமல் செய்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் உடனே ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடட்டும். முதல் ஓரிரு நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. எரியாத டீசல்தான் அப்படி வருகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் நாசில் அல்லது கம்ப்ரஷனில் குறை இருக்கிறது.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் உள்ள எண்ணைப் பாருங்கள். வெறும் 40 என்று இருக்கும் ஒற்றை கிரேடு ஆயில், குளிரில் மிகவும் கெட்டியாகிவிடும். 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 போன்றவை குளிரில் இளக்கமாகவும் சூட்டில் தேவையான கனத்தோடும் இருக்கும். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் சுற்றுவது எளிது. உங்கள் மெஷினின் கையேடு எந்தெந்த கிரேடுகளை அனுமதிக்கிறதோ அவற்றுக்குள் தேர்ந்தெடுங்கள்.

இறக்கத்தில் கிளட்ச்: மறக்கக் கூடாத விஷயம்

மேல் தோட்டத்திலிருந்து மூட்டைகளோடு ரோட்டுக்கு இறங்குவதாக நஞ்சநாடு விவசாயி எழுதியிருக்கிறார். பவர் டில்லர் ஓட்டுபவர்கள் உயிரோடு விளையாடும் இடம் இதுதான்.

சமதளத்தில் இடது பக்க ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் மெஷின் இடது பக்கம் திரும்பும். இடது சக்கரத்துக்குப் போகும் சக்தி நின்று, வலது சக்கரம் மட்டும் தள்ளுவதால் இது நடக்கிறது. இறக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே என்ஜின் சக்கரங்களைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது கிளட்சைப் பிடித்ததும் இடது சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். மெஷின் வலது பக்கம் திரும்பிவிடும். ஓட்டுபவர் பதறிப்போய் இடது கிளட்சை இன்னும் அழுத்துவார். மெஷின் இன்னும் வலது பக்கம் போகும். வலது பக்கம் மேடு இருந்தால் பிழைத்தார். பள்ளம் இருந்தால்?

அதனால் இறக்கத்தில் ஸ்டியரிங் கிளட்சைத் தொடவே கூடாது. இறங்கத் தொடங்கும் முன்பே மிகக் குறைந்த கியரைப் போட்டுவிட வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. நியூட்ரலில் விடக் கூடாது. மெயின் கிளட்சையும் பிடிக்கக் கூடாது. ஹேண்டிலை உடம்பின் பலத்தால் மெதுவாகத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்ப முடியாத கொண்டை வளைவு இருந்தால், அந்த வழியில் டிரெய்லரைக் கொண்டுபோகக் கூடாது.

பனிக்காலத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. விரல்கள் விறைத்துப்போய் எந்த லீவரைப் பிடித்திருக்கிறோம் என்பதே தெரியாது. உறைபனி படிந்த புல் கண்ணாடிபோல வழுக்கும். வெயில் ஏறிப் பனி உருகினால் செம்மண் பாதை சோப்புபோல ஆகிவிடும். எனவே பனிக்காலத்தில் ஒரே நடையில் பத்து மூட்டை ஏற்றுவதைவிட இரண்டு நடையில் ஐந்தைந்து மூட்டை இறக்குவது மேல். மூட்டைகள் டிரெய்லரின் மேல் விளிம்பைத் தாண்டக் கூடாது. மூட்டைமேல் ஆள் உட்காரக் கூடாது. டிரெய்லர் பிரேக் பிடிக்கிறதா என்று சமதளத்திலேயே ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விரல்களை உணர்வோடு வைத்திருக்கக்கூடிய மெல்லிய கையுறை போடுங்கள். லீவர் தெரியாத அளவுக்குத் தடித்த கையுறை வேண்டாம். முகப்பு விளக்கும், டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம். மூடுபனியில் காட்டுமாடு பாதையில் நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது.

கூலன்ட் ஊற்ற வேண்டுமா?

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவிகிதம் விரியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அந்த விரிவைத் தாங்காது. கூரைக்கடியில் நிற்கும் மெஷினுக்கு நம் மலைகளில் இந்த ஆபத்து குறைவுதான். திறந்த வெளியில், பள்ளத்தில் நிற்கும் மெஷினுக்கு உண்டு.

மூடியுள்ள ரேடியேட்டர் இருந்தால் கூலன்ட் ஊற்றுவது நல்லது, துருவையும் தடுக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 30 சதவிகிதம் இருந்தாலே சுமார் மைனஸ் 15 டிகிரி வரை உறையாது. நம் குளிருக்கு இது தாராளம். தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். திறந்த தொட்டி உள்ள பழைய மெஷினில் கூலன்ட் ஊற்றுவது வீண். உறைபனி எதிர்பார்க்கும் இரவில் தண்ணீரை வடித்துவிடுங்கள். வடித்ததும் ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதிய அட்டையை ஹேண்டிலில் கட்டிவிடுங்கள். விடியற்காலை இருட்டில் வேறொருவர் தண்ணீர் இல்லாமலே ஓட்டிவிட்டால் என்ஜின் போய்விடும்.

கூலன்ட் இனிப்பாக இருக்கும். ஆனால், கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். பாத்திரத்தில் வடித்து, மூடி, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கேள்வி: ‘‘டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் குளிரில் உறையாது என்கிறார்கள். கலக்கலாமா?’’

- விவசாயி, மன்னவனூர், கொடைக்கானல் மேல்மலை.

பதில்: வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்தால் டீசலின் மெழுகுத் தொல்லை குறையும் என்பது உண்மைதான். ஆனால், டீசல் பம்பும் நாசிலும் டீசலில் உள்ள வழவழப்பை நம்பித்தான் ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு, பம்ப் தேய்ந்துவிடும். ரேஷன் மண்ணெண்ணெயை வாகன எரிபொருளாகப் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். பெட்ரோல் கலப்பது அதைவிட ஆபத்து. சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். நவம்பருக்குப் பிறகு வாங்கிய புதிய டீசல், சுத்தமான ஃபில்டர், கூரைக்கடியில் நிறுத்துவது ஆகிய மூன்றும் இருந்தால் மேல்மலைக் குளிருக்கு மண்ணெண்ணெய் தேவைப்படாது.

கேள்வி: ‘‘எஸ்டேட்டில் பயன்படுத்திய பழைய ஏ.டி.வி. வண்டி விலைக்கு வருகிறது. உரமூட்டை, புல்கட்டு கொண்டுபோக வாங்கலாமா? குளிரில் அதற்கு என்ன பராமரிப்பு?’’

- தேயிலை விவசாயி, கோத்தகிரி பகுதி.

பதில்: நான்கு அகலச் சக்கரங்களோடு, பைக்போல ஹேண்டில் பிடித்து ஓட்டும் இந்த வண்டி பெரும்பாலும் பெட்ரோலில் ஓடுவது. டீசல் மெழுகுப் பிரச்னை இதில் இல்லை. ஆனால் பேட்டரி, ஆயில் கிரேடு, கேபிளில் ஈரம் ஆகிய மூன்றுக்கும் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில், குளிரில் ஸ்டார்ட் செய்ய சோக்கை இழுத்து, சூடேறியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

இதன் டயருக்குக் காற்று மிகக் குறைவு. பல வண்டிகளில் 5 முதல் 7 பவுண்டுதான். குளிரில் ஒரு பவுண்டு குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். பைக்குக்குப் பிடிக்கும் மீட்டரில் இந்தச் சின்ன அளவு சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் வாங்க வேண்டும். சேற்றில் ஓடிய பிறகு பிரேக்கை இரண்டு, மூன்று முறை மெதுவாகப் பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் உறைபனியில் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். ஒன்று, பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் சாலை இருந்தால் இந்த வண்டி உங்களுக்கு உதவாது. இரண்டு, இது குறுக்குச் சரிவில் எளிதாகக் கவிழும். கவிழ்ந்தால் வண்டியின் மொத்த எடையும் ஓட்டுபவர்மீதுதான் விழும். ஒருவர் மட்டும் ஓட்டக்கூடிய வண்டியில் பின்னால் ஆளை ஏற்றாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

சீசனுக்கு முன் ஒருமுறை

மலைப் பகுதி விவசாயிகள் ஆண்டுதோறும் ஐப்பசி முடிவதற்குள் ஒரு நாளை மெஷினுக்காக ஒதுக்கிவிடுங்கள். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுவது, டீசல் ஃபில்டர் மாற்றுவது, ஏர் ஃபில்டர் கிண்ணத்தில் உள்ள அழுக்கு ஆயிலைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றுவது, பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, ஸ்டியரிங் கிளட்ச் லீவர் இரண்டும் ஒரே மாதிரி இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று சோதிப்பது, டிரெய்லர் பிரேக்கைச் சரிசெய்வது ஆகிய ஆறு வேலைகளும் ஒரு நாளில் முடிந்துவிடும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த இரண்டு மாதமும் மெஷின் நிற்காமல் ஓட, ஐப்பசியில் செலவழிக்கும் ஒரு நாள் போதும்.

பெரிய பழுது வந்து அறுவடை நேரத்தில் மெஷின் நின்றுவிட்டால், அவசரப்பட்டுக் கடன் வாங்கிப் புது மெஷின் எடுக்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் வாடகைக்கு இயந்திரம் கிடைக்குமா என்று அருகிலுள்ள அலுவலகத்திலோ, உழவன் செயலியிலோ முதலில் விசாரியுங்கள். புதிதாக வாங்குவதென்றாலும் மானியம் பற்றி அங்கேயே கேட்டுக்கொண்டு, அனுமதி கிடைத்த பிறகே பணம் கட்டுங்கள்.

நஞ்சநாடு விவசாயிக்குக் கடைசியாக ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளை கிராங்க் ஹேண்டிலைத் தொட வேண்டாம். அந்த மெஷினை ஓட்டவும் வேண்டாம். உதவி செய்ய ஆசைப்படுகிறான் என்றால், மாலையில் டேங்க் நிரப்பும்போது டார்ச் பிடிக்கட்டும், டயர் காற்று மீட்டரைப் படித்துச் சொல்லட்டும், ஹேண்டிலில் கட்டும் அட்டையை அவனே எழுதட்டும். காலையில் மெஷினை வெளியே தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதையும், பாட்டி படுத்திருக்கும் அறையைக் காட்டி, ஏன் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.